பளிச்சென்று ஆக்கிவிட்டார்களாம்

போன ஞாயிற்றுக்கிழமை பாட்டியின் கல்லறைக்குப் போயிருந்தேன். கல் இருக்கிறது, பாட்டியைத்தான் காணோம். பேர் போய்விட்டது. சாம்பல் நிறத்தில், ஓரத்தில் கொஞ்சம் பாசியோடு அறுபது வருஷமாக நின்றிருந்த பளிங்குக் கல், இப்போது புதுக் குளியல் தொட்டி மாதிரி வெளுத்துப்போய் நிற்கிறது. விரலால் தடவினால் சர்க்கரை மாதிரி நறநறவென்று கல் கையோடு வருகிறது. 'மறைவு' என்ற சொல்லில் 'ம' மட்டும் பிழைத்திருக்கிறது. மற்றதெல்லாம் வெறும் சொரசொரப்பு.

பக்கத்தில் பராமரிப்புக் குழுச் செயலாளர் பெருமையாக நின்றுகொண்டிருந்தார்.

"எப்படி தம்பி, பளிச்சுன்னு ஆயிடுச்சில்ல? முப்பது பேர் வந்து ஒரே நாள்ல முடிச்சுட்டாங்க."

முடித்துத்தான் விட்டார்கள். என்ன போட்டுக் கழுவினீர்கள் ஐயா என்று கேட்டேன். கழிவறைக்கு ஊற்றுகிற அதே ஆசிட்தானாம். "ஊத்தின உடனே நுரை பொங்கிக்கிட்டு வந்துச்சு, அவ்வளவு அழுக்கு!" என்றார்.

ஐயா, அது அழுக்கு இல்லை. பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட். அதன் மேல் ஆசிட் பட்டால் கல் கரைந்து கரியமில வாயு குமிழ் குமிழாகக் கிளம்பும். அந்த நுரையைத்தான் நீங்கள் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறீர்கள். பொங்கிப் போனது என் பாட்டியின் பேர்.

ஆசிட் தீர்ந்துபோன வரிசைகளுக்குத் துணி வெளுக்கிற பிளீச் ஊற்றியிருக்கிறார்கள். அது இன்னும் நயவஞ்சகமானது. அன்றைக்குப் பார்த்தால் கல் அழகாகத்தான் இருக்கும். பிளீச்சில் உள்ள உப்பு கல்லின் நுண்துளைகளுக்குள் போய்த் தங்கி, காயும்போது படிகமாகி, உள்ளிருந்து மேற்பரப்பைத் தள்ளும். சில வருஷம் கழித்துக் கல் பொருக்குப் பொருக்காக உதிரும். அதற்குள் குழு மாறியிருக்கும், யாரைக் கேட்பது? கருங்கல்லுக்கு ஒன்றும் ஆகாது என்று கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். உடைந்த கம்பித் துகள் துளைகளில் மாட்டிக்கொண்டு, மழை பட்டதும் துருப்பிடித்து, கல்லுக்கு அம்மை போட்ட மாதிரி ஆகும்.

கல்லறைக் கல்லைக் கழுவுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கல் ஆடுகிறதா, மேற்பரப்பு உதிர்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். உதிர்ந்தால் கையே வைக்கக் கூடாது. உறுதியாக இருந்தால் வெறும் தண்ணீரால் நன்றாக ஊற நனைத்து, மென்மையான பிரஷ்ஷால் கீழிருந்து மேலாகத் தேய்க்க வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் அழுக்குத் தண்ணீர் வழிந்து கோடு கோடாகக் கறை பிடிக்கும். தடிமனான பாசியை மரக்குச்சியால் மெல்ல எடுக்கலாம். அப்புறம் அலசிவிட்டு, பல வருஷத்துக்கு அந்தப் பக்கமே போகாமல் இருக்கலாம். இதில் ஒரே ஒரு சிக்கல். 'முன்பு', 'பின்பு' என்று இரண்டு படம் எடுத்துப் போட்டால் பெரிய வித்தியாசம் தெரியாது. பாராட்டும் வராது.

பாசி என்றதும் ஞாபகம் வருகிறது. கல்லில் வட்ட வட்டமாகப் படர்கிறதே அந்த லைக்கன், அதில் சில வகைகள் வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. ரோலண்ட் பெஷெல் என்ற தாவரவியலாளர் 1950-ல் அதை வைத்தே பாறைகளின் வயதைக் கணக்கிடும் முறையை உருவாக்கினார். வளரும் வேகத்தைத் தெரிந்துகொள்ள இன்றைக்கும் கல்லறைக் கற்கள்தான் கைகொடுக்கின்றன, அவற்றில்தான் வருஷம் வெட்டியிருக்கிறதே. ஆராய்ச்சிக்காரர்கள் ஸ்கேல் வைத்து அளக்கிற வட்டத்தை நம்மவர்கள் உளி வைத்துச் சுரண்டுகிறார்கள், கல்லின் தோலோடு சேர்த்து.

சரி, கழுவினதோடு விட்டார்களா? சாய்ந்த கற்களை நிமிர்த்தினார்களாம். சிமெண்ட் கலவை போட்டு, ஆட்ட முடியாதபடி. பழைய கற்களை நட்டவர்கள் சுண்ணாம்புச் சாந்து வைத்து நட்டார்கள். அவர்களுக்கு வேறு வழியும் இல்லை. போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியதே 1824-ல்தான், அது பரவ இன்னும் வெகுகாலம் ஆனது. ஆனால் சுண்ணாம்பில் ஒரு நல்ல குணம் உண்டு: அது கல்லைவிட மென்மை. மண் அசைந்தால் சாந்து விட்டுக்கொடுக்கும், ஈரத்தை வெளியே விடும், விரிசல் விட்டாலும் சாந்துதான் விடும். சிமெண்ட் எதையும் விட்டுக்கொடுக்காது, ஆகவே கல் உடையும். எட்டாம் வரிசையில் போன தடவை 'சரிசெய்த' மூன்று மணற்கல்களும் சிமெண்டுக்கு ஒரு விரற்கடை மேலே குறுக்காக உடைந்து கிடக்கின்றன. அதற்கும் சிமெண்ட் வைத்தே ஒட்டுப்போட்டிருக்கிறார்கள்.

எழுத்துக்குப் பெயிண்ட் அடித்த கதை தனி. கறுப்புப் பெயிண்டும் ஒல்லியான பிரஷ்ஷும் பிள்ளைகள் கையில். தேய்ந்துபோன 3 அவர்களுக்கு 8 ஆகத் தெரிந்திருக்கிறது. 1871-ல் பிறந்து 1931-ல் இறந்த ஒரு மனிதரை இப்போது 1981 வரைக்கும் வாழ வைத்துவிட்டார்கள். நூற்றுப்பத்து வயது! பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. தேய்ந்த எழுத்தைப் படிக்க வேண்டுமானால் ஒரு கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய், வெயிலைக் கல்லின் பக்கவாட்டில் சரிவாக அடிக்க விட்டால் போதும், பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும் என்று ஒரு பெரியவராவது சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது அந்தக் கிழக்கு மூலை.

அங்கே கற்களே கிடையாது. கல் வைக்க வசதி இல்லாதவர்கள், பிறந்த கையோடு போன குழந்தைகள், தொற்றுநோய்க் காலத்தில் அவசரமாக அடக்கம் செய்யப்பட்டவர்கள். ஒரு காலத்தில் மரத்தில் அடையாளம் வைத்திருப்பார்கள், அது மக்கிப்போயிருக்கும். மிச்சம் இருந்த ஒரே அடையாளம் தரையில் வரிசையாக இருந்த பள்ளங்கள். உள்ளே பெட்டி மக்கி மண் இறங்கும்போது மேலே ஆள் நீளத்துக்கு ஒரு பள்ளம் விழும். தெரிந்தவர்கள் பார்த்தால் எண்ணிச் சொல்லிவிடலாம். நான் சின்ன வயதில் மழை நின்ற பிறகு போய் எண்ணியிருக்கிறேன். தண்ணீர் தேங்கி நாற்பத்தொரு பள்ளம் பளபளத்தது. அதில் குட்டியாக ஏழு.

"மேடும் பள்ளமுமா அசிங்கமா இருந்துச்சு, மண்ணடிச்சு நிரவிட்டோம்" என்கிறார் செயலாளர். நடைப்பயிற்சிக்கு வசதியாக இருக்குமாம்.

சரி, அடக்கப் பதிவேட்டைப் பார்த்தாவது யார் எங்கே என்று கண்டுபிடிக்கலாமே என்று கேட்டேன். முதல் இரண்டு புத்தகங்கள் இல்லை. முன்னாள் செயலாளர் "பத்திரமா இருக்கட்டும்" என்று வீட்டுக்குக் கொண்டுபோனாராம். அவர் காலமானதும் வீட்டைக் காலி செய்தவர்கள் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிட்டார்களாம். மூன்றாவது புத்தகம் அலமாரியில் இருக்கிறது. திறந்தால் நடுப்பக்கங்களில் கரையான் ஒரு சுரங்கப்பாதையே போட்டிருக்கிறது. பாதையை அகலப்படுத்தியபோது வரிசை எண்ணையும் மாற்றியிருக்கிறார்கள், எது பழைய எண், எது புது எண் என்று எங்கேயும் குறிப்பு இல்லை. இனி தெரிந்துகொள்ள வேண்டுமானால் தரையூடுருவும் ரேடார் கொண்டுவர வேண்டும். அதுவும் எலும்பைக் காட்டாது, பேரைச் சொல்லாது. இந்த இடத்தில் மண் ஒரு தடவை தோண்டப்பட்டிருக்கிறது என்று மட்டும் காட்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பூட்டி வைத்திருந்தால் போதுமாக இருந்திருக்கும்.

பணம் இல்லை என்பார்கள். அது உண்மைதான், ஆனால் ஏன் இல்லை என்று யாரும் யோசிப்பதில்லை. சின்னச் சமூகங்களின் கல்லறைத் தோட்டங்கள் பெரும்பாலும் இப்படித்தான்: யாரோ ஒருவர் நிலம் கொடுக்கிறார், குழிக்கு இவ்வளவு என்று வாங்கிச் செலவை ஓட்டுகிறார்கள். இடம் நிரம்பினதும் வரவு நின்றுபோகிறது. புல் நிற்குமா? ஒவ்வொரு குழிப் பணத்திலும் ஒரு பங்கை எடுத்து நிரந்தர நிதியாகப் போட்டு, வட்டியில் மட்டும் பராமரிக்கிற வழக்கம் எத்தனையோ இடங்களில் உண்டு. இங்கே அந்தப் பணம் எப்போதோ இரும்பு வளைவாகி வாசலில் நிற்கிறது, நன்கொடையாளர் பேர்களோடு. அந்தப் பேர்களுக்கு மட்டும் வருஷா வருஷம் பெயிண்ட்.

கேட்டால் உடனே போர் வீரர்கள் கல்லறையைக் காட்டுவார்கள். "அங்க பாருங்க, எப்படிச் சீரா வச்சிருக்காங்க!" ஐயா, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 1917-ல் அரச சாசனத்தோடு ஆரம்பித்தது. ஆறு நாடுகளின் அரசாங்கங்கள் அவரவர் கல்லறை எண்ணிக்கைக்கு ஏற்பச் செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் அதற்கு வேலை, அதற்கென்று சம்பளத் தோட்டக்காரர்கள், கல் தேய்ந்தால் அதே அளவில் புதுக் கல். தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே மாதிரிக் கல் என்பது அவர்கள் தொடக்கத்திலேயே எடுத்த முடிவு. நம் தோட்டத்தில் ஒவ்வொரு கல்லையும் ஒவ்வொரு குடும்பம் தன் கைக்கு எட்டினபடி வைத்தது. இதை எப்படி அதுவாக மாற்றுவீர்கள்?

எப்படி என்றும் யோசித்து வைத்திருக்கிறார்கள். அடுத்த கட்டத் திட்டம் தயார். புல்வெட்டும் இயந்திரம் தடையில்லாமல் ஓட வேண்டுமாம். ஏற்கெனவே அந்த நைலான் கயிற்று இயந்திரம் பட்டுப் பட்டுப் பளிங்குக் கற்களின் அடியில் இடுப்பு மாதிரி தேய்ந்திருக்கிறது, அது கண்ணில் படவில்லை. கற்களை எல்லாம் பிடுங்கிச் சுற்றுச்சுவர் ஓரமாக வரிசையாகச் சாய்த்து வைத்துவிடலாம் என்கிறார்கள். கல் சுவரோரம், ஆள் எங்கேயோ. அதற்குப் பேர் அழகுபடுத்தலாம்.

நேற்று அலமாரிச் சாவியை வாங்கி, அந்த மூன்றாவது புத்தகத்தை ஒரு பக்கம் விடாமல் கைப்பேசியில் படமெடுத்தேன். கரையான் தின்ற பக்கங்களையும்தான், ஓரத்தில் பாதிப் பேராவது இருக்கிறதே. இரவு பத்து மணிக்குச் செயலாளர் போன் செய்தார். நாளைக்குக் காலையில் ஆறாம் வரிசையாம், இருபது லிட்டர் ஆசிட் வந்து இறங்கிவிட்டதாம், "நீங்களும் ஒரு கை கொடுங்க தம்பி" என்றார். ஆறாம் வரிசையில்தான் தாத்தா இருக்கிறார். சரி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். விடிவதற்குள் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் கல்லுக்கு முன்னால் போட்டு உட்காரப் போகிறேன்.