யோசித்துவிட்டுச் சிரிக்கிறேன், இருங்கள்

போன மாதம் சித்தப்பா மகளுக்கு நிச்சயதார்த்தம். திருச்சியில், ஏசி போட்டும் வியர்க்கிற ஒரு சின்ன மண்டபம். தாம்பாளங்களை வரிசையாக வைத்தாயிற்று. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் ஜமக்காளத்தில் எதிரெதிரே உட்கார்ந்தாயிற்று. மாப்பிள்ளையின் பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு குடும்பப் பெருமை பேச ஆரம்பித்தார். "எங்க வம்சத்துல, வாசல்ல வந்து நின்னவனுக்கு இல்லைன்னு சொன்னதே கிடையாது." சபை தலையாட்டியது. சரியாக அந்த நொடியில் அவர் சட்டைப்பையில் இருந்த போன் வாய் திறந்தது. அவருக்குப் பார்வை மங்கல் என்பதால், கூப்பிடுகிறவர் பெயரைப் போனே உரக்கச் சொல்லும்படி யாரோ வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அது சொன்னது: "கடன் கேட்பான், எடுக்காதே."

ஒரு தடவை இல்லை. அவர் பைக்குள் கைவிட்டுத் துழாவி, எடுத்து, தலைகீழாகப் பிடித்து, எந்தப் பொத்தான் என்று தேடுவதற்குள் நான்கு தடவை. ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி நிதானமான ஒரு பெண் குரலில்.

நான் சிரித்துவிட்டேன்.

மெல்லிய சிரிப்பெல்லாம் எனக்கு வராது. மூக்கு வழியாக ஒரு சத்தம், அப்புறம் வாய் வழியாக மீதி. மண்டபத்தில் அறுபது பேர் இருந்தார்கள். ஐம்பத்தொன்பது பேர் மின்விசிறியைப் பார்த்தார்கள், தாம்பாளத்தில் இருந்த வாழைப்பழத்தை எண்ணினார்கள். என் மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைத்து முடிக்கவே இல்லை. அம்மா என் தொடையில் கிள்ளிய இடம் இரண்டு நாள் நீலமாக இருந்தது.

அன்று இரவு தொடங்கிய வசவு இன்னும் ஓயவில்லை. எல்லோருடைய வாயிலும் ஒரே வாக்கியம். "ஏண்டி, கொஞ்சம் யோசிச்சுச் சிரிக்கக் கூடாதா?"

கூடாது. முடியாது. எப்படி என்று யாராவது சொல்லிக் கொடுங்களேன்! தும்மல் வரும்போது பஞ்சாங்கம் பார்த்துவிட்டா தும்முகிறீர்கள்? விக்கலுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்குகிறீர்களா? 1862இலேயே துஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர், முகத் தசைகளில் மின்சாரம் கொடுத்துப் பார்த்துவிட்டு இதை எழுதி வைத்துவிட்டார். உதட்டோரத்தை மேலே இழுக்கும் தசை நாம் சொன்னால் கேட்கும். கண்ணைச் சுற்றியிருக்கும் தசை அப்படிக் கேட்காது, உள்ளே உண்மையாகச் சந்தோஷம் இருந்தால்தான் சுருங்கும் என்றார். யோசித்துவிட்டுச் சிரித்தால் உதடு மட்டும்தான் சிரிக்கும். கல்யாண ஆல்பத்தில் மூன்று மணி நேரம் மேடையில் நின்ற மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தாலே போதும், துஷேன் எதற்கு?

என்னைத் திட்டியவர்களில் முதலிடம் அத்தைக்கு. சபையில் முகம் சுளித்த அதே அத்தை, பத்து நிமிடம் கழித்து மண்டபத்தின் பின்பக்கம், கை கழுவும் இடத்தில், குழாயைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்ததை நான் பார்த்தேன். "எடுக்காதே... எடுக்காதே" என்று அந்தக் குரலிலேயே சொல்லிச் சொல்லிக் காட்டினாள். என்னைப் பார்த்ததும் முகத்தை மாற்றிக்கொண்டு, "பொம்பளை சிரிச்சா போச்சு, புகையிலை விரிச்சா போச்சு" என்று ஆரம்பித்தாளே பார்க்கலாம்! புகையிலை கெட்டுப்போனால் அதை விரித்தவனைப் போய்க் கேளுங்கள்.

அதோடு விட்டாளா? "பாஞ்சாலி சிரிச்ச ஒரு சிரிப்புலதான் பாரதப் போரே வந்தது" என்றாள். இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. வியாசர் பாரதத்தின் சபா பருவத்தில், மயன் கட்டிய மண்டபத்தில் துரியோதனன் தரை என்று நினைத்துத் தண்ணீரில் விழும் இடத்தில், சிரிக்கிறவன் பீமன். வேலைக்காரர்கள் சிரிக்கிறார்கள். அர்ச்சுனனும் நகுலனும் சகாதேவனும் சிரிக்கிறார்கள். திரௌபதி சிரித்தாள் என்பது, துரியோதனன் ஊருக்குத் திரும்பி அப்பாவிடம் அழுதுகொண்டே சொல்லும் புகாரில்தான் வருகிறது. நாலு ஆம்பளைகள் வாய்விட்டுச் சிரித்த கணக்கை எல்லாம் அழித்துவிட்டு, கூத்துமேடை முதல் என் அத்தை வரை பழியை அவள் தலையில் கட்டியாயிற்று. அன்று மண்டபத்தில் மாமா துண்டுக்குள் சிரித்தார், யாராவது கேட்டார்களா? நான் சிரித்தது மட்டும் குடும்ப மானம்.

சரி, யோசித்துச் சிரிக்கும் கலையில் தேர்ந்தவர்களை நான் தினமும் அலுவலகத்தில் பார்க்கிறேன். எங்கள் மேலாளர் திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஒரு ஜோக் சொல்வார். மனைவி, உப்புமா, விவாகரத்து என்று போகும். நான் சேர்ந்த பிறகு ஆறாவது முறை கேட்கிறேன். அவர் முடிப்பதற்கு அரை நொடி முன்னாலேயே இடப்பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பும், அது இன்கிரிமென்ட் சிரிப்பு. உடனே மேசையைச் சுற்றி அலை வரும். அதே கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி நிஜமாகவே நல்ல நகைச்சுவை ஒன்று சொன்னாள். அத்தனை கண்களும் மேலாளர் முகத்துக்குப் போயின. அவர் கைபேசியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். ஆகவே யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் அதற்கப்புறம் கூட்டத்தில் பேசியதே இல்லை. இதுதான் நீங்கள் கேட்கும் யோசனை என்றால், அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். 1950களில் அமெரிக்காவில் சார்லி டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர், தொலைக்காட்சித் தொடர்களில் தேவையான இடத்தில் சிரிப்புச் சத்தம் சேர்க்க ஒரு பெட்டியே செய்து வைத்திருந்தார். விசையை அழுத்தினால் சிரிக்கும். எங்கள் கூட்டத்துக்கு அதில் ஒன்று வாங்கிப்போட்டால் பதினான்கு பேருடைய தாடை வலி மிச்சம்.

"அதுக்காகச் சபைலயா? வீட்டுக்கு வந்து தனியாச் சிரியேன்" என்று அப்பா சமரசம் பேசினார். அப்பா, தனியாக வராதுப்பா. ராபர்ட் புரோவைன் என்ற அமெரிக்க ஆய்வாளர் மாணவர்களோடு கடைத்தெருவிலும் நடைபாதையிலும் ஒட்டுக்கேட்டு, 1,200 சிரிப்புகளைக் குறித்துவைத்தார். ஜோக் மாதிரி எதையாவது கேட்டு வந்தவை அதில் 20 சதவீதம்கூட இல்லை. "சரி, அப்புறம் பார்க்கலாம்" என்பது போன்ற ஒன்றுமில்லாத பேச்சுக்குத்தான் சனங்கள் சிரித்தார்கள். தனியாக இருக்கும்போது சிரிப்பதைப்போல் 30 மடங்கு, கூட ஆள் இருக்கும்போது சிரிக்கிறார்கள் என்றும் சொன்னார். சபை என்பதால்தான் சிரிப்பே வருகிறது. அந்தப் போன் நான் மட்டும் இருக்கும்போது கத்தியிருந்தால், பாவம் பெரியவர் என்று எடுத்துக் கொடுத்துவிட்டுப் போயிருப்பேன்.

இவ்வளவு நேரம் நியாயம் பேசிவிட்டேன். ஆனால் அதே மண்டபத்தில், அதே நாளில் நடந்த இன்னொன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நானும் அத்தை மாதிரிதான்.

பந்தியில் பரிமாற ஒரு பையன் வந்தான். பதினெட்டு வயது இருக்கும். "சா... சா... சாம்பார்" என்றான். திக்குவாய். எங்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு சொந்தக்காரர், எல்லோருக்கும் கேட்கும்படி, "போ... போ... போடு" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. துண்டால் முகத்தை மறைக்கவில்லை, மின்விசிறியைப் பார்க்கவில்லை, கை கழுவும் இடத்துக்கு ஓடவில்லை. பந்தியிலேயே, இலைக்கு முன்னால், வயிறு குலுங்க. யாரும் யாரையும் கிள்ளவில்லை. "கொஞ்சம் யோசிச்சுச் சிரிக்கக் கூடாதா" என்று கேட்க அந்த வரிசையில் ஒரு நாதி இல்லை. அம்மா அங்கேதான் இருந்தாள்.

நானும் சிரித்தேன். அரை நொடிதான். யோசிப்பதற்குள் வந்துவிட்டது, பெரியப்பா போனுக்கு வந்த மாதிரியே, அதே வழியில், மூக்கிலிருந்து. தும்மல், விக்கல் என்று மேலே பேசினேனே, அதே தும்மல்தான்.

தொல்காப்பியர் நகை பிறக்கும் இடங்களை நான்காகச் சொன்னார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தபோது எதுவும் தோன்றவில்லை. இப்போது பார்த்தால் வரிசையில் முதலில் நிற்பதே எள்ளல். 1995இல் மும்பையில் மதன் கட்டாரியா என்ற மருத்துவர் ஐந்து பேரை வைத்துச் சிரிப்பு மன்றம் ஆரம்பித்த கதையும் இதுதான். தினமும் பூங்காவில் கூடி ஆளுக்கு ஒரு ஜோக். இரண்டு வாரத்துக்குள் நல்ல ஜோக் சரக்கு தீர்ந்து, பச்சையாகவும் மற்றவர்களைப் புண்படுத்தும்படியாகவும் வர ஆரம்பித்துவிட்டன. மன்றமே கலைந்துவிடும் போலிருந்ததால், ஜோக்கே வேண்டாம், சும்மா சிரிப்போம் என்று மாற்றினார். இப்போது காலையில் பூங்காவில் கையைத் தூக்கி ஹா ஹா ஹோ ஹோ என்கிறார்களே, அது இப்படி வந்ததுதான். அவர்களைப் பார்த்து நான் எத்தனையோ நாள் கேலி செய்திருக்கிறேன்.

எனக்குக் கோபம் எதில் என்றால், இந்த இரண்டு சிரிப்பில் எங்கள் குடும்பம் எதைக் கிள்ளியது, எதை விட்டது என்பதில்தான். போன் கத்தியபோது நான் சிரித்தது பெரிய மனிதரைப் பார்த்து. சம்பந்தி வீடு, சீர்வரிசை, மரியாதை எல்லாம் அந்தப் பக்கம் இருந்தது. பையன் பக்கம் ஒரு சாம்பார் வாளி. யோசி யோசி என்கிறார்களே, யார் மேல் சிரிக்கிறோம், அவனால் நம்மை என்ன செய்ய முடியும் என்ற கணக்கைத்தான் சொல்கிறார்கள். அந்தக் கணக்கை எல்லோரும் எப்போதோ போட்டு முடித்து மனப்பாடமும் செய்துவிட்டதால், பந்தியில் யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பையனும் சிரித்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். உதடு மட்டும். அப்புறம் ரசத்துக்கு வந்தபோது பேசவில்லை, வாளியை இலைக்கு மேல் நீட்டிக்கொண்டு நின்றான். மோருக்கும் அப்படியே. நான் "போடுப்பா" என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

இதை அம்மாவிடம் சொன்னேன். "அது வேற, இது வேற" என்றாள். அத்தையிடம் சொன்னேன். "எந்தப் பையன்?" என்றாள்.

கல்யாணம் ஆவணியில். பெரியப்பா இன்னும் அந்தப் போனை மாற்றவில்லையாம். என்னை மேடையிலிருந்து எத்தனை வரிசை தள்ளி உட்கார வைக்கலாம் என்று வீட்டில் இப்போதே பேச்சு நடக்கிறது.