அந்தப் படத்தில் நடித்தவர்கள் கொல்லப்படவில்லை

1980இல் வெளியான ‘கானிபல் ஹோலோகாஸ்ட்’ என்ற இத்தாலியப் படத்தில் நடிகர்களை உண்மையிலேயே கொன்று படமாக்கினார்கள் என்று கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டாரத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் பரவும் செய்தி தவறானது. கழுவேற்றப்பட்டதாகத் தெரியும் பெண், இரும்புக் கம்பத்தில் பொருத்திய சைக்கிள் இருக்கையில் அமர்ந்து, கூரான லேசான மரத்துண்டை வாயில் கவ்வியிருந்தார். காட்டில் கண்டெடுத்த படச்சுருள் போலக் காட்டுவது, குறைந்த செலவில் அதிர்ச்சியைக் கூட்டும் உத்தி; அதை நம்பியே இத்தாலியில் இயக்குநர் ருக்கேரோ தெயோதாத்தோ மீது கொலைச் சந்தேகம் எழுந்து, நடிகர்கள் உயிருடன் இருப்பதைக் காட்டிய பிறகு நீங்கியது. அவர்களில் ஒருவரான லூகா பார்பரெஸ்கி 2008இல் இத்தாலிய நாடாளுமன்றத்துக்கே தேர்வானார். அந்த அவையின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். ஆமை உள்ளிட்ட விலங்குகள் உண்மையிலேயே கொல்லப்பட்டன. கண்டிக்க வேண்டியது அதைத்தான். பிள்ளைகளின் கைப்பேசிக்கும் வந்துசேரும் அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.