வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியர் வேலை: சம்பளத் தொகையைக் கடைசியாகப் பாருங்கள்

கோடை விடுமுறை தொடங்கினால் போதும், பழைய மாணவர்களிடமிருந்து ஒரே கேள்வி வர ஆரம்பித்துவிடும். "சார், துபாய்ல ஒரு ஸ்கூல்ல இங்கிலீஷ் டீச்சர் வேலை. மாசம் 6,000 திர்ஹாம். போகலாமா?" இன்னொருவர் மாலத்தீவு என்பார், இன்னொருவர் தாய்லாந்து என்பார். நாட்டின் பெயர், ஒரு தொகை, அவ்வளவுதான் அனுப்புவார்கள். அந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு போ என்றும் சொல்ல முடியாது, போகாதே என்றும் சொல்ல முடியாது.

மாலத்தீவில் சில வருடங்கள், அப்புறம் வளைகுடாவில் சில வருடங்கள் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவிட்டு நாகர்கோவிலுக்குத் திரும்பியவன் நான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதைவிட இங்கே ஒருமுறை விரிவாக எழுதிவிடுகிறேன். மாதச் சம்பளம் என்று அவர்கள் சொல்லும் தொகை பாதிக் கதைகூட இல்லை. அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, வருடத்தில் எத்தனை மாதம் வரும், எந்த நாட்டுப் பணத்தில் வரும், அதில் எவ்வளவு ஊருக்கு வந்து சேரும், விசா யார் பெயரில், இவ்வளவும் தெரிந்த பிறகுதான் தொகையைப் பற்றிப் பேச வேண்டும்.

முதலில் ஒன்று. வெளிநாடு போக நினைக்கும் ஆசிரியர்களைப் பார்த்து "பணத்தாசை" என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. எம்.ஏ., பி.எட். முடித்தவர்களுக்கு நம் ஊர் மெட்ரிக் பள்ளிகள் பலவற்றில் மாதம் 12,000, 15,000 ரூபாய் தருகிறார்கள். மே மாதச் சம்பளம் கிடையாது என்று சொல்லும் பள்ளிகள் உண்டு. வேலைக்குச் சேரும்போதே அசல் சான்றிதழ்களை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, வருட நடுவில் வேறு வேலை கிடைத்தால் தர மறுக்கும் பள்ளிகளும் உண்டு. அதைப் பார்த்தவர்கள், பாஸ்போர்ட்டை எவனோ வாங்கி வைத்துக்கொள்வான் என்று பயமுறுத்தினால் ஏன் பயப்படப்போகிறார்கள்? போகிறவர்களைக் குறை சொல்வதற்கு முன் இங்கே என்ன கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். ஐக்கிய அரபு அமீரகத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே வேலையை விட்டுக் கிளம்பும்போது தரும் பணிக்கொடை, முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு 21 நாள் சம்பளம். இந்த 21 நாள் மொத்தச் சம்பளத்தில் இல்லை, அடிப்படைச் சம்பளத்தில். 6,000 திர்ஹாம் என்று சொல்லும் பள்ளி அதில் 2,400-ஐ அடிப்படை என்று போட்டு, மீதியை வீட்டுப்படி, போக்குவரத்துப்படி, இதர படி என்று பிரித்து வைத்திருக்கலாம். அப்படியானால் வருடத்துக்குப் பணிக்கொடை 1,680 திர்ஹாம். ஐந்து வருடத்துக்கு 8,400. அதே 6,000-இல் அடிப்படை 4,200 என்று இருந்தால் வருடத்துக்கு 2,940, ஐந்து வருடத்துக்கு 14,700. வித்தியாசம் 6,300 திர்ஹாம். ஒரு திர்ஹாமுக்கு 23 ரூபாய் என்று வைத்தாலும் கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம். மாதாமாதம் கையில் வாங்கியது ஒரே தொகை. ஒப்பந்தத்தில் ஒரு வரியை எப்படிப் பிரித்து எழுதினார்கள் என்பதில் ஒரு பிள்ளையின் ஒரு வருடக் கல்லூரிக் கட்டணம் போய்விடுகிறது.

சவூதியில் சட்டம் வேறு. முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், அதற்குப் பிறகு ஒரு மாதச் சம்பளம். ஆனால் நீங்களாக ராஜினாமா செய்தால், இரண்டு வருடத்துக்குள் ஒன்றும் கிடையாது, ஐந்து வருடத்துக்குள் மூன்றில் ஒரு பங்குதான். குடும்பத்தை அழைத்துப் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2017-இல் சவூதி அரசு வெளிநாட்டவரின் குடும்பத்தினருக்குக் கட்டணம் கொண்டுவந்தது. ஆளுக்கு மாதம் 100 ரியாலில் தொடங்கி 2020-இல் 400 ஆனது. மனைவியும் ஒரு குழந்தையும் என்றால் வருடத்துக்கு 9,600 ரியால். "ஃபேமிலி விசா தருவோம்" என்று ஏஜென்ட் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். இந்தப் பணத்தை யார் கட்டுவது என்று அவரிடம் கேளுங்கள்.

தாய்லாந்தில் ஏஜென்சி வழியாகப் போகிறவர்கள் பலருக்குப் பத்து மாதம் அல்லது பதினோரு மாத ஒப்பந்தம்தான். பள்ளி விடுமுறை மாதங்களுக்குச் சம்பளம் இல்லை, ஆனால் வாடகை உண்டு. ஆகவே மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கிப் பார்த்து மகிழ வேண்டாம்.

மாலத்தீவைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும். தென் மாவட்டக்காரர்களுக்குத் திருவனந்தபுரத்திலிருந்து சிறிது நேர விமானப் பயணம்தான். பள்ளிகள் ஆங்கில வழி. தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆசிரியர்கள் அங்கே போவது பல காலமாக நடக்கிறது. பிள்ளைகள் அன்பானவர்கள். நான் வேலை பார்த்த தீவில் மாலையில் கடற்கரைப் பக்கம் நடந்தால் எதிரில் வரும் ஒவ்வொரு குழந்தையும் பெயர் சொல்லி வணக்கம் சொல்லும். அந்த வாழ்க்கையைப் பற்றி எனக்கு எந்த வருத்தமும் இல்லை. வருத்தமெல்லாம் டாலர் விஷயத்தில்தான்.

அங்கே சம்பளம் ரூஃபியாவில் வரும். அரசு சொல்லும் விலை ஒரு டாலருக்கு 15.42 ரூஃபியா. 10,000 ரூஃபியாவை இந்த விலையில் மாற்றினால் 648 டாலர். ஆனால் அந்த விலைக்கு வேண்டிய அளவு டாலர் வங்கியில் கிடைக்காது. மாதத்துக்கு இவ்வளவுதான் அனுப்பலாம் என்று வரம்பு வைத்திருப்பார்கள். மீதிக்கு வெளியில்தான் தேட வேண்டும். சம்பளம் வந்த அன்று மாலை எங்கள் ஆசிரியர்கள் ஒவ்வொருவராகப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போவார்கள். ரிசார்ட்டில் வேலை பார்க்கும் யாரிடமாவது டிப்ஸாக வந்த டாலர் இருக்கிறதா, கடைக்காரர் இன்று என்ன விலை சொல்கிறார் என்று விசாரிப்பார்கள். வெளி விலை 19 என்று வைத்தால் அதே 10,000 ரூஃபியா 526 டாலர்தான். மாதம் 120 டாலருக்கு மேல் காற்றில் போகிறது. வீட்டுக் கடனுக்குத் தவணை கட்டும் தேதி நெருங்கினால் விலை பேசக்கூட நேரமிருக்காது, சொன்ன விலைக்கு வாங்கத்தான் வேண்டும். கணக்கு டீச்சர் ஒருவர் இருந்தார், எங்கள் பக்கத்து ஊர்க்காரர். நோட்டில் இரண்டு பத்தி போட்டு, ஒன்றில் "சம்பளம்", இன்னொன்றில் "ஊருக்குப் போனது" என்று எழுதி வைத்திருப்பார். அந்த இரண்டாவது பத்தியைத்தான் சம்பளம் என்று சொல்ல வேண்டும் என்பேன் நான்.

திர்ஹாமும் ரியாலும் டாலரோடு நிலையான விலையில் கட்டப்பட்டவை. ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம், 3.75 ரியால். அந்த விலைக்கே மாற்றவும் முடிகிறது. ரூஃபியாவும் காகிதத்தில் டாலரோடு கட்டப்பட்டதுதான். விலை ஒன்று, கிடைப்பது வேறொன்று. ஆஃபர் கடிதத்தில் டாலர் தொகை போட்டிருந்தால், டாலராகவே தருவீர்களா, டாலர் மதிப்பில் ரூஃபியா தருவீர்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, என்னால் இன்றும் ஏற்க முடியாத விஷயம். இந்தத் தொழிலில் பல இடங்களில் சம்பளத்தை முடிவு செய்வது பாஸ்போர்ட்டின் நிறம். தென் கொரியாவில் ஆங்கிலம் கற்பிப்பதற்கான ஈ-2 விசா அடிப்படையில் ஏழு நாட்டுக்காரர்களுக்கானது: அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென் ஆப்பிரிக்கா. 2010-இல் நடைமுறைக்கு வந்த இந்தியா-கொரியா பொருளாதார ஒப்பந்தத்தில் ஆசிரியர் தகுதி பெற்ற இந்தியர்களுக்கு ஒரு சிறு வாசல் திறந்தது. அதன் வழியாகப் போன ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை. சீனாவிலும் மொழி ஆசிரியருக்கு அந்த மொழி தாய்மொழியாக உள்ள நாட்டின் பாஸ்போர்ட் வேண்டும் என்பதுதான் பொது விதி. வளைகுடாவிலோ விசா கிடைக்கும், சம்பளம் வேறாக இருக்கும். துபாயிலேயே பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளி கொடுப்பதில் பாதியைக்கூட நம் பாடத்திட்டப் பள்ளிகள் பல கொடுப்பதில்லை.

நான் இருந்த பள்ளியில் என் பக்கத்து மேசையில் ஆங்கிலம் தாய்மொழியான நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருந்த ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். நல்ல பையன், உழைப்பாளி. இலக்கியம் படித்தவரில்லை, கற்பித்தலில் பயிற்சி எடுத்தவருமில்லை. வாரத்துக்கு அவருக்கும் எனக்கும் ஒரே எண்ணிக்கையில் பீரியட். வினைச்சொல் வடிவங்களில் பிள்ளைகள் ஏன் தடுமாறுகிறார்கள் என்று அவர் என்னிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்வார். இரண்டாம் மொழியாகக் கஷ்டப்பட்டுக் கற்றவனுக்குத்தான் அந்தத் தடுமாற்றம் எங்கே வரும் என்று தெரியும். அவர் சம்பளம் என்னுடையதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அவர்மீது எனக்குக் கோபம் கிடையாது, அவரே இதைச் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார். கோபம், இதை ஒரு நியாயம்போல ஒப்பந்தத்தில் எழுதி வைத்தவர்கள்மீது. நம் பிள்ளைகள் போகும் முன்பே இது தெரிந்து போக வேண்டும். தெரியாமல் போனால், அங்கே மூன்றாவது மாதம் தன் திறமையின்மீதே சந்தேகம் வந்துவிடும். என்னோடு இருந்தவர்களில் சிலருக்கு அப்படி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சந்தேகத்தைத்தான் ஆங்கிலம் கற்பிப்பதற்கான ஆன்லைன் சான்றிதழ் விற்பவர்கள் காசாக்குகிறார்கள். 120 மணி நேரம், 160 மணி நேரம் என்று விளம்பரம் வரும். உண்மையான மாணவர்கள் முன்னால் நின்று பாடம் நடத்தும் பயிற்சி அதில் பலவற்றில் ஒரு மணி நேரம்கூட இருக்காது. கேம்பிரிட்ஜ் தரும் செல்டா (CELTA) என்ற ஆங்கில ஆசிரியர் சான்றிதழின் விலை அதிகம்தான். ஆனால் அதில் ஆறு மணி நேரம் நிஜ வகுப்பில் நடத்த வேண்டும், பயிற்சியாளர் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார். பி.எட். இருப்பவர்கள் வளைகுடாப் பள்ளி வேலைக்கு இவற்றில் பணத்தைக் கொட்ட வேண்டிய அவசியமே இல்லை. அவர்கள் கவலைப்பட வேண்டியது வேறு: எம்.ஏ.வைத் தபால் வழியில் படித்தீர்களா, கல்லூரியில் நேரில் படித்தீர்களா? நம்மில் எவ்வளவோ பேர் வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில்தான் முதுகலை முடித்தோம். வளைகுடாவில் பட்டத்துக்குச் சமானச் சான்று, அதாவது நம் பட்டம் அந்த நாட்டுப் பட்டத்துக்கு இணையானது என்ற சான்று, வாங்கும்போது இந்தக் கேள்வி வரும், மறுத்த சம்பவங்களும் உண்டு. மாநில அரசு, வெளியுறவுத் துறை, தூதரகம் என்று சான்றொப்பம் வாங்கிய பிறகு இது தெரிந்தால் செலவழித்தது போனதுதான். முதல் மெயிலிலேயே கேட்டுவிடுங்கள்.

இப்போது ஏஜென்ட். பத்தாம் வகுப்பு தேறியவர்களின் பாஸ்போர்ட்டுக்குக் குடியகல்வு அனுமதி, அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போகும் முன் நம் அரசிடம் வாங்கும் அனுமதி, தேவையில்லை. அதாவது கொத்தனாராகப் போகும் படிக்காத தம்பியின் ஒப்பந்தத்தை அரசு ஒருமுறையாவது பார்க்கிறது, எம்.ஏ. படித்த ஆசிரியரின் ஒப்பந்தத்தை யாரும் பார்ப்பதில்லை. நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பதிவு பெற்ற ஏஜென்ட்களின் பட்டியல் வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் (eMigrate) இணையதளத்தில் இருக்கிறது. அவர்கள் வாங்கக்கூடிய அதிகபட்ச சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். "விசிட் விசாவில் போங்க, அங்க போய் மாத்திக்கலாம்" என்று சொன்னாலும் அப்படித்தான். அந்த விசாவில் பாடம் நடத்துவது சட்டப்படி குற்றம், பிடிபட்டால் மாட்டுவது நீங்கள், ஏஜென்ட் இல்லை.

ஊரில் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் ஒன்று, போய் இறங்கியதும் நீட்டப்படும் ஒப்பந்தம் இன்னொன்று, இதுவும் நடக்கும். எனக்கு நடந்தது. பெட்டியைக்கூட திறக்கவில்லை, அலுவலகத்துக்கு அழைத்தார்கள், மேசைமேல் புதுத் தாள்கள். வீட்டுப்படி என்ற வரியே காணோம், அதற்குப் பதில் "பகிர்ந்த அறை". பழைய ஒப்பந்தத்தின் நகலைக் கையோடு வைத்திருந்ததால் எடுத்துக் காட்டிப் பேச முடிந்தது. இரண்டு நாள் இழுபறிக்குப் பிறகு பழையதற்கே ஒத்துக்கொண்டார்கள். என்னோடு வந்த ஒரு டீச்சரிடம் நகல் இல்லை, அவர் புதியதில் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. கையெழுத்தான ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். பாஸ்போர்ட்டைப் "பாதுகாப்புக்கு" என்று கேட்டால், இந்தியச் சட்டப்படி அது இந்திய அரசின் சொத்து, வேறு யாரும் பிடித்து வைக்க முடியாது என்று மரியாதையாகச் சொல்லுங்கள். வளைகுடா நாடுகளின் சட்டமும் முதலாளிக்கு அந்த உரிமையைக் கொடுக்கவில்லை.

பெண் ஆசிரியர்கள் தங்குமிடத்தைப் பற்றி வெட்கப்படாமல் விவரமாகக் கேளுங்கள். ஒரு அறையில் எத்தனை பேர், சமையலறை உண்டா, இரவு வெளியே போக வரத் தடை இருக்கிறதா, பள்ளிக்கு எவ்வளவு தூரம். இன்னும் நல்லது, இப்போது அங்கே வேலை பார்க்கும் ஒருவரின் எண்ணைக் கேட்பது. தயங்காமல் எண் தரும் பள்ளியை நான் பாதி நம்புவேன். "எங்க எச்.ஆர். கிட்ட மட்டும் பேசுங்க" என்றால் அந்த வேலை வேண்டாம்.

தமிழ்நாடு அரசுக்கு 1978-இலிருந்தே அயல்நாட்டு வேலைவாய்ப்புக்கு என்று ஒரு நிறுவனம் இருக்கிறது, சென்னையில். நர்ஸுகளை அனுப்புவதில் அதற்கு நல்ல அனுபவம் உண்டு. ஆசிரியர்களுக்கும் அங்கே ஒரு மேசை வேண்டும்: ஒப்பந்தத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் படித்துப் பார்த்து, இந்த வரியில் ஏமாற்று இருக்கிறது என்று சொல்ல ஒரு ஆள். அதற்குப் பெரிய செலவு ஆகாது. கல்வியியல் கல்லூரிகளும் கடைசி செமஸ்டரில் ஒரே ஒரு மதியத்தை இதற்கு ஒதுக்கலாம்.

அதுவரைக்கும் நாமே செய்துகொள்ளலாம். வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பித்தவர்கள், கற்பிக்கிறவர்கள், கீழே எழுதுங்கள்: நாடு, வருடம், மொத்தச் சம்பளம், அதில் அடிப்படை எவ்வளவு, வருடத்துக்கு எத்தனை மாதம், ஊருக்குப் போனது எவ்வளவு. பள்ளியின் பெயரோ ஏஜென்ட்டின் பெயரோ வேண்டாம், தொகை போதும். ஜூனில் ஆஃபர் கடிதத்தோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பதிவின் இணைப்பைத்தான் அனுப்பப்போகிறேன்.