பெயர் ஒன்று, அட்டை மூன்று

உக்ரைன்காரர்களை ஐரோப்பா ஏற்றது, சிரியாக்காரர்களைத் துருக்கி ஏற்றது, அமெரிக்காவும் டிபிஎஸ் எனும் தற்காலிகப் பாதுகாப்பு நிலை கொடுத்தது என்று மூன்றையும் ஒரே தராசில் வைத்துப் பேசுகிறார்கள். மூன்றுக்கும் பெயர் 'தற்காலிகப் பாதுகாப்பு'தான். அதற்காகத் தரும் அட்டையை வைத்து என்ன செய்ய முடியும் என்பது ஊருக்கு ஊர் வேறு.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 1990களின் பால்கன் போர்களுக்குப் பிறகு 2001இல் வந்தது. முதன்முறை பயன்படுத்தியதே 2022 மார்ச் 4 அன்றுதான். தனித்தனி நேர்காணல் இல்லை. பிப்ரவரி 24க்கு முன் உக்ரைனில் வசித்த குடிமக்கள் என்றால் தங்கலாம், வேலை பார்க்கலாம், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கலாம். அதே குண்டுக்குத் தப்பி ஓடிவந்த இந்திய, நைஜீரிய மாணவர்களுக்குப் பெரும்பாலான நாடுகளில் இது கிடைக்கவில்லை. காலக்கெடு இப்போது 2027 மார்ச் 4. ஜெர்மனியில் அரசாணை மூலம் தானாக நீட்டிக்கிறார்கள், புது அட்டை தருவதில்லை. அட்டையில் பழைய தேதிதான். வேலை கொடுப்பவர் "இது முடிந்துவிட்டதே" என்றால் அரசாணையைத்தான் காட்ட வேண்டும்.

அமெரிக்காவின் டிபிஎஸ் 1990 சட்டம். ஒரு தடவைக்கு 6, 12 அல்லது 18 மாதம். குறித்த தேதியில் ஏற்கெனவே நாட்டுக்குள் இருந்தவருக்கு மட்டும். இதைக் காட்டி வெளியிலிருந்து நுழைய முடியாது. பாதுகாப்புக்கு ஐ-821 படிவம், வேலை அட்டைக்குத் தனியாக ஐ-765 படிவம். ஒவ்வொரு நீட்டிப்புக்கும் மறுபதிவு. தக்க காரணமின்றித் தவறவிட்டால் பாதுகாப்பே போகும்.

இருப்பதில் சிக்கலானது துருக்கி. 1951 அகதிகள் ஒப்பந்தத்தை ஐரோப்பாவிலிருந்து வருவோருக்கு மட்டும் என்ற வரம்போடு ஏற்ற நாடு அது. எனவே சிரியாக்காரர் சட்டப்படி அங்கே அகதியே அல்ல. 2014 அக்டோபர் விதியின் கீழ் 'கிம்லிக்' என்ற அடையாள அட்டை உண்டு, ஆனால் அது பதிந்த மாகாணத்தோடு கட்டிப்போட்டது. வெளியே போக பயண அனுமதி வேண்டும். வேலை அனுமதி 2016இல் வந்தது. அந்த விதிப்படி விண்ணப்பிப்பது முதலாளி, வரம்பு, அந்த வேலையிடத்தில் உள்ள துருக்கியரில் 10%. முப்பது துருக்கியர் வேலை பார்க்கும் தையல் பட்டறையில் சிரியாக்காரர் மூன்று பேர்தான். நான்காமவர் கணக்கில் வராத கூலி. சிரிய எல்லையருகே உள்ள காசியான்டெப்பில் பதிந்துவிட்டு இஸ்தான்புல்லில் உழைத்தவர்களுக்கு 2019 ஜூலையில் திரும்பிப் போகக் கெடு விதித்தார்கள்.

மூன்றும் ஒத்துப்போகும் இடம் ஒன்று உண்டு, என் சண்டையும் அதோடுதான். ஐந்தாண்டு சட்டப்படி வசித்தவருக்கு ஐரோப்பிய ஒன்றிய விதி தரும் நீண்டகால வதிவுரிமைக்கு, தற்காலிகப் பாதுகாப்பில் உள்ளவர் விண்ணப்பிக்கவே முடியாது. டிபிஎஸ்ஸிலிருந்து கிரீன் கார்டுக்கு நேர்வழி இல்லை. துருக்கியில் கிம்லிக் வதிவு அனுமதிக்குச் சமமே அல்ல. ஊதியத்தில் வரி பிடிக்க எண்ணப்படும் மாதங்கள், உரிமை கேட்கும்போது மட்டும் எண்ணப்படுவதில்லை.