உதிக்கும் நிலா பெரிதாவதில்லை

பௌர்ணமி வந்தால் சென்னை வாட்ஸ்அப் குழுக்களில் இதுவும் வந்துவிடும்: “மெரினாவில் உதிக்கும்போது நிலா பூமிக்குப் பக்கத்தில் இருக்கிறது, காற்றும் அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. கண்ணால் பார்ப்பதற்கு வேறு சாட்சி எதற்கு?”

மூன்றுமே தவறு. உச்சிக்கு வரும்போது இருப்பதைவிட, உதிக்கும்போது நிலா நமக்குச் சுமார் 6,000 கி.மீ. தள்ளியே இருக்கிறது. காற்று அதை மேலும் கீழுமாகக் கொஞ்சம் நசுக்குமே தவிர, பெரிதாக்காது.

சரி, பெரிதாக்குவது யார்? நம் மனம். 11-ஆம் நூற்றாண்டிலேயே அரபு அறிவியலாளர் இப்னு அல்-ஹைதம் இதைச் சொல்லிவிட்டார்: அடிவானம் தூரம் என்று மனம் கணிக்கிறது; அவ்வளவு தூரத்திலிருந்தும் இந்த அளவு தெரிகிறதென்றால் பெரிதாகத்தான் இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்வதால் நிலாவும் பெரிதாகத் தோன்றுகிறது. (அந்த விளக்கம் முழுமையானதா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை.) உண்மை தெரிந்த பிறகும் தோற்றம் மாறாது என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. அறிவதற்குக் காண்டல் (நேரில் பார்ப்பது) மட்டும் போதாது, கருதலும் (ஊகித்து அறிவதும்) வேண்டும் என்று நம் அளவை நூலார், அதாவது தர்க்க நூல் எழுதியவர்கள், வைத்தது இதனால்தான் பொருள்படுகிறது.

நீங்களே சோதிக்கலாம். கையை முழுக்க நீட்டி, சுண்டுவிரலால் உதிக்கும் நிலாவை மறையுங்கள். அப்புறம் நள்ளிரவில் மொட்டைமாடியில் அதையே செய்யுங்கள். இரண்டு முறையும் நிலாவின் அகலம் அரைப் பாகைதான் (டிகிரி). பாதி விரலே போதும்.