யுத்தத்தில் போன சொத்தும் கணக்கில் வராத சனங்களும்

செட்டிநாட்டில் கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் செட்டியார்களின் பழைய பெரிய வீடுகளைப் பார்க்க வருகிறவர்களுக்கு நம்மூரில் ஒரே கதைதான் சொல்கிறோம். செட்டியார்கள் பர்மாவில் சம்பாதித்தார்கள், ஜப்பான்காரன் குண்டு போட்டான், எல்லாம் போச்சு. வந்தவர்களும் தேக்குத் தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. இதில் பாதி ஆட்களைக் காணோம்.

குண்டு விழுவதற்குப் பத்து வருடம் முன்பே அங்கே நிலைமை கெட ஆரம்பித்துவிட்டது. 1930-ல் உலகம் முழுக்க வந்த பொருளாதார மந்தத்தில் நெல் விலை படுத்துவிட்டது. கீழ்ப் பர்மா விவசாயி வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் போக, அடமான நிலமெல்லாம் வட்டிக்குப் பணம் கொடுத்த செட்டியார்களின் லேவாதேவிக் கடைகளின் பெயருக்கு மாறியது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930-ல் சுமார் 6 சதவீதம். 1938 வாக்கில் அது 25 சதவீதம் ஆகிவிட்டது. கடைக்காரர்கள் ஆசைப்பட்டு வாங்கிய நிலம் இல்லை அது. அவர்களுக்கு வேண்டியது ரொக்கம். ஊரில் இருந்த ஆச்சிமார்களின், அதாவது செட்டியார் வீட்டுப் பெண்களின், சீதனப் பணம்கூட அந்தக் கடைகளில்தான் போட்டு வைக்கப்பட்டிருந்தது. எல்லாம் உண்மைதான். ஆனால், தலைமுறையாக உழுத வயலைப் பறிகொடுத்த பர்மாக்காரனிடம் போய் இந்த நியாயத்தைச் சொல்ல முடியுமா? அந்தக் கோபம் உள்ளே கிடந்தது. யுத்தம் வந்ததும் வெளியே வந்தது.

1941 டிசம்பரில் ரங்கூன் மேல் குண்டு விழுந்தது. 1942 மார்ச்சில் நகரம் ஜப்பானியர் கைக்குப் போனது. காசும் செல்வாக்கும் உள்ளவர்களுக்குக் கப்பல் கிடைத்தது, சிலருக்கு விமானமும் கிடைத்தது. மற்றவர்கள் நடந்தார்கள். அரக்கான் மலை வழியாகச் சிட்டகாங்குக்கும், தமு வழியாக மணிப்பூருக்கும் லட்சக்கணக்கில் நடந்தார்கள். துறைமுகக் கூலிகள், ரிக்ஷா இழுத்தவர்கள், தெருக் கூட்டியவர்கள், சமையல் ஆட்கள், கடைப் பையன்கள் என்று தெலுங்கர், ஒடியர், தமிழர் எல்லாரும் அதில் உண்டு. அந்தக் காட்டு வழியிலும் வெள்ளைக்காரருக்கு ஒரு பாதை, நம்மவர்களுக்கு வேறு பாதை. காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் பல்லாயிரம் பேர் செத்தார்கள். அவர்களைச் சரியாக யாரும் எண்ணவே இல்லை. செட்டியார்கள் விட்டுவந்த சொத்துக்கு மதிப்புப் போட்டு மனு எழுதவாவது ஆள் இருந்தது. வழியில் விழுந்த கூலிக்கு அதுவும் இல்லை. எனக்குத் தாங்காதது இதுதான்.

பர்மா அரிசி நின்றுபோனது இங்கே எல்லார் அடுப்பையும் தொட்டது. 1943-ல் வங்காளத்தில் பஞ்சம் வந்தது. அதற்கு அரிசி நின்றது மட்டும் காரணமில்லை. படைக்கு முன்னுரிமை கொடுத்ததும், எதிரி கையில் சிக்கக்கூடாதென்று படகுகளைப் பறித்ததும், விலை ஏறியதும் சேர்ந்து சுமார் 30 லட்சம் பேரைக் கொன்றன. ஒரு குண்டுகூட விழாத கிராமங்களில் நடந்த சாவு அது.

சமாதானம் வந்த பிறகும் கடைக்காரர்கள் பழைய இடத்துக்குத் திரும்ப முடியவில்லை. சுதந்திர பர்மா 1948-லேயே நில தேசியமயச் சட்டம் கொண்டு வந்தது. அந்த நாட்டு விவசாயியின் பக்கம் நின்று பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். 1962-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அப்புறம் 1964-ல் கடைகளையும் அரசு எடுத்துக்கொள்ள, சிறு வியாபாரிகளும் உழைப்பாளிகளும் வெறுங்கையோடு கப்பல் ஏறினார்கள். காரைக்குடி பர்மா காலனிக்குப் பெயர் வந்த கதை அதுதான். வீடு பார்க்க வருகிறவர்களை அங்கே யாரும் கூட்டிப்போவதில்லை.

இன்றைக்கு எந்த நாட்டில் சண்டை என்றாலும் போனைப் பார்த்து "அடிச்சு நொறுக்கணும்" என்று எழுதுகிறோம். நம் ஜில்லாப் பிள்ளைகள் எத்தனை பேர் வளைகுடாவில் கூலிக்கு இருக்கிறார்கள்! 1990-ல் குவைத்தில் ஈராக் புகுந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானத்தில் ஏற்றிக்கொண்டுவர வேண்டியிருந்தது.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில் பர்மாக் கடைப் பேரேடு, சம்பளச் சிட்டை, கடையில் துணைக்கு வேலை பார்த்த அடுத்தாள் எழுதிய கடிதம் எது இருந்தாலும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். முதலாளி பெயர் கல்வெட்டிலும் இருக்கும். வேலை பார்த்தவர் பெயர் அந்தத் தாளில் மட்டும்தான் இருக்கும். பர்மா காலனியில் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருந்தால் அவர்கள் பேச்சைப் போனிலாவது பதிவு செய்து வையுங்கள்.