ஒரு தடவை ரத்தம் எடுத்தால் போதாது

பெங்களூரு கே.ஆர்.புரம் பக்கம் கிருஷ்ணகிரி, திருப்பத்தூரிலிருந்து வந்த நம்மாட்கள் நாலைந்து மாடு வைத்து வீடு வீடாகப் பால் ஊற்றுகிறார்கள். அந்தக் கொட்டகைகளில் கன்று வீச்சு நோயைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இந்த நோயைக் கொண்டுவரும் புரூசெல்லா கிருமி தொற்றிய மாடு, சினை ஐந்து மாதம் தாண்டியதும் கன்றை வீசிவிடும், அதாவது கரு கலைந்துவிடும். அடுத்த ஈற்றில் நல்லபடியாகவே கன்று போடலாம். 'சரி, தேறிவிட்டது' என்று நினைப்போம். ஆனால் பாலிலும் நஞ்சுக்கொடியிலும் கிருமி வந்துகொண்டிருக்கும். புதிதாகத் தொற்றிய மாடோ சோதனையில் சிக்காமலே போகலாம். அதனால்தான் ஒருநாள் வந்து ரத்தம் எடுத்து 'நோய் இல்லை' என்று எழுதிப் போவதை நான் நம்புவதில்லை. அதே கொட்டகைக்குச் சில மாதம் கழித்துத் திரும்பப் போக வேண்டும்.

இதற்குப் பெரிய செலவும் ஆகாது. கொட்டகைப் பாலை ஒன்றாகக் கலந்து, சாயமேற்றிய, செத்த கிருமிக் கரைசலைச் சொட்டுவிட்டு, 37 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் வைப்பார்கள். கிருமியை எதிர்த்து மாட்டின் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் பாலில் இருந்தால் மேலே திரளும் ஆடையில் நீல வளையம் கட்டும். வளையம் கட்டிய கொட்டகையில் மட்டும் அப்புறம் மாடு மாடாக ரத்தம் பார்த்தால் போதும்.

4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு ஒரே ஒரு தடுப்பூசி என்ற தேசியத் திட்டம் 2019இலேயே வந்துவிட்டது. காதுவில்லையில் 12 இலக்க எண் இருக்கிறது. கால்நடை நோய்ப் பரவலை ஆராயும் மத்திய நிறுவனமே பெங்களூரு எலஹங்காவில் இருக்கிறது. ஊசி போட்ட தேதியையும் சோதனை முடிவையும் அந்த எண்ணோடு சேர்த்து வைத்தால்தான் பயன். ஏனென்றால், வயது கடந்து ஊசி போட்ட மாட்டின் ரத்தம் நோய் வந்த மாதிரியே காட்டக்கூடும்.

மாட்டுக்காரர் ஏன் மறைக்கிறார் என்பதையும் பேசியாக வேண்டும். "வெளிய தெரிஞ்சா யாரு தம்பி பால் வாங்குவா?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. நோய் தெரிந்தால் நஷ்டஈடு உண்டு என்று எழுத்தில் கொடுங்கள், அவரே கூப்பிட்டுக் காட்டுவார்.

இந்தக் கிருமி மனிதர்களுக்கும் தொற்றும். பாலைப் பொங்கக் காய்ச்சினால் கிருமி செத்துவிடும், வாங்கிக் குடிக்கிறவர்கள் பயப்பட வேண்டாம். வெறுங்கையால் நஞ்சுக்கொடி எடுக்கும் அந்த வீட்டுப் பெண்களுக்குத்தான் ஆபத்து அதிகம். விட்டு விட்டு வரும் காய்ச்சல், ராத்திரி வியர்வை, மூட்டு வலி என்று அவர்கள் டாக்டரிடம் போனால், வீட்டில் மாடு இருப்பதை முதலில் சொல்லச் சொல்லுங்கள். டைபாய்டு என்று நினைத்தே வாரக்கணக்கில் மருந்து கொடுத்துவிட வாய்ப்பிருக்கிறது.